ஈறு இறங்கி வேர் தெரிகிறது: அண்ணத்துச் சதையை எடுத்து ஒட்டினால் மூடுமா?

கேள்வி இதுதான்: கீழ் முன்பற்கள் இரண்டில் ஈறு இறங்கி வேர் தெரிகிறது, கோலாலம்பூர் கிளினிக் ஒன்றில் மேல் அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டச் சொல்கிறார்கள். ஈறு பழையபடி ஏறுமா, ஒட்டில் மாடு, பன்றிப் பொருள் எதுவும் சேருமா?

ஏறுமா என்பதற்கு விடை பல்லிடுக்கில் இருக்கிறது. இரு பற்களுக்கு நடுவிலுள்ள எலும்பு குறையாமல் முன்பக்க ஈறு மட்டும் இறங்கியிருந்தால் அது ஆர்டி1 (ஆர்டி என்பது ஈறு இறங்கிய வகையைக் குறிக்கும் சுருக்கம், RT). வேரை முழுசாக மூட நல்ல வாய்ப்புண்டு. பல்லிடுக்கிலும் கொஞ்சம் கரைந்திருந்தால் ஆர்டி2; ஓரளவு மூடும், சிலருக்கு முழுசாகவும் மூடும். முன்பக்கத்தைவிடப் பல்லிடுக்கில் அதிகம் கரைந்திருந்தால் ஆர்டி3; அதற்கும் முழுசாக மூடித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எக்ஸ்ரேயும், பல்லுக்கு ஆறு இடத்தில் புரோப் என்ற அளவுக்குச்சியை விட்டு அளந்த மில்லிமீட்டர் கணக்கும் இல்லாமல் இதைச் சொல்லவே முடியாது. உங்கள் சார்ட்டில் எந்த ஆர்டி என்று கேளுங்கள்.

பல் கூச்சம் இல்லை, ஈறு கெட்டியாக இருக்கிறது, பார்வைக்கும் கவலை இல்லை என்றால் அவசரமே கிடையாது. அளவைக் குறித்து, போட்டோ எடுத்து வைத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து பார்க்கலாம். மேலும் இறங்கினால்தான் கத்தி. எப்படியும் இறங்கிய காரணத்தை முதலில் நிறுத்த வேண்டும்: ஹார்ட் பிரஷ்ஷால் குறுக்கே இழுத்துத் தேய்ப்பது, கரித்தூள், வெற்றிலை புகையிலையை ஒரே பக்கம் அடக்குவது, பிரேசஸ் பல்லை எலும்புக்கு வெளியே தள்ளியிருப்பது, உதட்டையும் ஈறையும் இணைக்கும் உள்மடிப்பு ஈறை இழுப்பது. ஈறில் சீழோ வீக்கமோ இருந்தால் ஸ்கேலிங் செய்து அது அடங்கிய பிறகே ஒட்டு.

ஒட்டில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, அண்ணத்தின் மேல்தோலோடு சேர்த்து 1 முதல் 1.5 மி.மீ. தடிமனில் ஒரு துண்டை எடுத்து ஒட்டுவது. கீழ் முன்பல்லில் கெட்டியான ஈறே மிச்சமில்லை, பிரஷ் பட்டாலே வலிக்கிறது என்பவர்களுக்கு இது சரி. நிறம் பக்கத்து ஈறோடு சேராது, வெளிறிய திட்டாகவே நிற்கும். ஆறும்போது கொஞ்சம் சுருங்கவும் செய்யும். மற்றது, அண்ணத்தோலுக்கு அடியிலிருக்கும் இணைப்புத் திசுவை மட்டும் உருவி, ஈறுக்குள் செருகி, ஈறை மேலே இழுத்து மூடித் தைப்பது. வேரை மூட வேண்டும், சிரித்தால் தெரியும் பல் என்றால் இதுதான் முதல் தேர்வு. அண்ணத்தோலைத் திரும்ப மூடித் தைத்துவிடுவதால் வலியும் குறைவு. முதல் வகையில் அண்ணம் திறந்த புண்ணாகக் கிடக்கும், பிட்சாவில் சுட்டுக்கொண்ட மாதிரி பத்துப் பதினைந்து நாள் எரியும். அதற்குக் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தட்டு ஒன்றை முன்கூட்டியே அச்சு எடுத்துச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

துண்டு எடுக்கும் இடம் கோரைப்பல்லுக்கும் முதல் கடைவாய்ப்பல்லுக்கும் இடைப்பட்ட அண்ணம், ஈறு விளிம்பிலிருந்து 2, 3 மி.மீ. தள்ளி. இன்னும் உள்ளே போனால் அண்ணத்து இரத்தக்குழாய். வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, துண்டை வைத்து, 5-0 அல்லது 6-0 அளவுள்ள மெல்லிய நூலால் அசையாமல் தைத்து, ஈரத்துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். அந்த அழுத்தத்தை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் ஒட்டு பிழைப்பது அதில்தான். அடியில் இரத்தம் கட்டிக்கொண்டால் துண்டுக்கு உணவு போகாது. முதல் இரண்டு மூன்று நாள் அது கீழிருந்து கசியும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கும். புது இரத்தக்குழாய் முளைத்து நிலைக்கச் சுமார் பத்து நாளாகும்.

அதனால் உதட்டை இழுத்துக் கண்ணாடியில் பார்க்கவே கூடாது. தோற்றுப்போகும் ஒட்டுகளில் பல இப்படித்தான் அசைந்து போனவை. சிகரெட்டும் வேப்பும் அடுத்த எதிரி. தைப்பூசத்துக்கு அலகு குத்தும் நேர்த்தி இருந்தால் அறுவையைத் திருவிழாவுக்குப் பிறகு வையுங்கள். ஒட்டிய இடத்தில் இரண்டு வாரம் பிரஷ் படக்கூடாது, அதற்குப் பதில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு மருந்து 0.12 அல்லது 0.2 சதவீதம், நாளுக்கு இரண்டு வேளை. மற்ற பற்களைத் துலக்கி அரை மணி நேரம் விட்டுத்தான் அதைக் கொப்பளிக்க வேண்டும், பேஸ்ட்டின் நுரைப்பொருள் மருந்தைக் கெடுக்கும். தே தாரிக்கும் கோப்பியும் குடித்தால் பல் பழுப்பேறும், பிறகு பாலிஷ் செய்தால் போய்விடும். ஆறிய கஞ்சி, தயிர்ச்சோறு போதும். சம்பாலும் முறுக்கும் வேண்டாம். அண்ணத்தில் இரத்தம் வந்தால் ஈரத்துணியை இருபது நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். கொப்பளித்தால் உறைந்த இரத்தம் கலைந்து மறுபடி வடியும். முதல் வாரம் ஒட்டின் மேல் வெள்ளையாக உரிவது இயல்பு, சீழ் என்று சுரண்டாதீர்கள். துண்டு முழுக்கக் கறுத்தாலோ ஆடினாலோ உடனே கிளினிக். காய்ச்சல் வந்தால் ஐபுபுரோஃபென் மாத்திரையை நிறுத்திவிட்டு டெங்கி சோதனை செய்துகொள்ளுங்கள், நம் ஊரில் அதை மறக்கக் கூடாது.

அடுத்து பொருள். சொந்த அண்ணத்துச் சதையில் எந்தச் சிக்கலும் இல்லை. அண்ணத்தைத் தொடாமல், கடையில் வரும் மாற்றுப் பொருளை வைத்துச் செய்கிறோம் என்றால் அங்கே கேள்வி எழுப்புங்கள்: மியூக்கோகிராஃப்ட் பன்றிக் கொலாஜன், அலோடெர்ம் தானம் பெற்ற மனிதத் தோல், வேறு பல மெம்பிரேன்கள் (மெல்லிய சவ்வுத் தாள்கள்) மாட்டிலிருந்து வருபவை. கேட்கட் தையல்நூலும் ஆடு அல்லது மாட்டுக் குடல்தான். நைலான் அல்லது பாலிபுரோப்பிலீன் நூல் கேட்டால் போடுவார்கள். கையெழுத்துப் போடும் முன் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

செய்பவர் பெரியோடோன்டிக்ஸ் (ஈறு சிகிச்சை) நிபுணரா என்பதை மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் பார்க்கலாம். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் (யூகேஎம்) ஆகியவற்றின் பல் மருத்துவப் பிரிவுகளிலும், அரசு பல் கிளினிக் கடிதத்தோடு அரசு நிபுணரிடமும் போகலாம்; காத்திருக்க வேண்டியிருக்கும். போகும்போது பழைய எக்ஸ்ரே, இனிப்பு நீர் இருந்தால் கடைசி எச்பிஏ1சி (சில மாதச் சராசரி சர்க்கரை) அளவு, ஆஸ்பிரின் மாதிரி இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் எல்லாம் கையில் இருக்கட்டும்.