டயர் தேய்ந்துவிட்டது, தவணை தேயவில்லை

கேள்வி: என்னிடம் பின்சக்கர இயக்கம் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அதன் கடன் எப்போதோ முடிந்துவிட்டது. மாதம் 1,200 கி.மீ. ஓடும். கம்பெனி கொடுத்த 18 அங்குல ரிம்மைக் கழற்றி ஷெட்டில் போட்டுவிட்டு, மச்சான் (மனைவியின் அண்ணன்) வைத்திருந்த 19 அங்குல ரிம்மை அவரிடமே விலைக்கு வாங்கி மாட்டினேன். ஸ்பிரிங் மாற்றி வண்டியையும் கொஞ்சம் தாழ்த்தினோம். இப்போது முன்னால் 245/35 ஆர் 19, பின்னால் 275/30 ஆர் 19. பதினைந்து மாதத்துக்கு முன் நான்கு டயரும் 24 மாதத் தவணையில் வாங்கினேன். அதற்குள் பின்டயர் இரண்டும் உள்ஓரத்தில் மொட்டை. வெளிப்பக்கம் இன்னும் 4 மி.மீ. பட்டன் (டயர் வெட்டின் ஆழம்) இருக்கிறது. அதே டயரை அதே தவணையில் தருகிறேன், டயர் பாதுகாப்புத் திட்டமும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் கடைக்காரர். மச்சானோ ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் மென்மையான டயராகப் போடச் சொல்கிறார். பெயர் தெரியாத கம்பெனி டயரும், பழைய டயரும் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. எது கட்டுப்படியாகும்? ரிம்மை வாங்கிக்கொள்ள ஒருவர் தயாராக இருக்கிறார், ஆனால் விற்றால் அண்ணன் வருத்தப்படுவார் என்கிறார் மனைவி.

பதில்: காசுக்கு முன்னால் ஒரு வேலை. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, பின்டயரின் உள்ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கையால் தடவ வேண்டாம், கம்பி வெளியே வந்திருந்தால் விரலைக் கிழிக்கும். ரப்பருக்கு அடியில் துணியோ கம்பியோ தெரிந்தால் அந்த டயரில் இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

இனி கணக்கு. உங்கள் கடிதத்தில் இருந்த தொகைகளை எல்லாருக்கும் புரியும்படி சுருக்கியிருக்கிறேன்: பின்டயர் ஒன்றின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம், மற்ற தொகைகளெல்லாம் அதே அளவுகோலில். அந்த அளவில் முன்டயர் ஒன்று 80. ஆக நான்குக்கும் 360.

"மாதம் 1 சதவீதம்தான்" என்று கடையில் சொன்ன வட்டி, முழுத்தொகைக்கும் கடைசி மாதம் வரை போடப்படும் பிளாட் வட்டி. 200-க்கு வாங்கிய பின்ஜோடிக்கு 24 மாதத்தில் 248 கட்டுகிறீர்கள். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறைக்கு மாற்றினால் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 21.6 சதவீதம். ஆனாலும் வட்டியைவிட என்னை உறுத்துவது காலம். பின்டயர் 18,000 கி.மீ.யில், அதாவது 15 மாதத்தில் குப்பைக்குப் போகிறது. தவணை 24 மாதம். குப்பையில் கிடக்கும் டயருக்கு ஒன்பது மாதம் பணம் கட்ட வேண்டும், கூடவே அதன் இடத்தில் வந்த டயருக்கும் கட்ட வேண்டும். இப்போது மாதம் 18.6 போகிறது (பின்ஜோடிக்கு 10.3, முன்ஜோடிக்கு 8.3). கடைக்காரர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டால் நாளை முதல் 29. முன்டயர் 25 மாதம் தாங்கினால், பழைய தவணை முடிந்த மறுமாதமே முன்ஜோடிக்கும் புதுத் தவணை. இப்படிப் போனால் உங்களுக்குத் தவணை இல்லாத மாதம் என்று ஒன்று வரவே வராது.

டயரும் எண்ணெய் மாதிரி தீர்ந்துபோகிற பொருள்தான். தீர்ந்துபோகிற பொருளை, அது தீரும் காலத்தைவிட நீளமான கடனில் வாங்கக்கூடாது. நீங்கள் மாற்ற வேண்டிய பழக்கம் இது ஒன்றுதான். எந்தக் கம்பெனி டயர் என்பதெல்லாம் அப்புறம்.

உங்களுக்கு வழி ஷெட்டிலேயே கிடக்கிறது. கம்பெனி அளவு நான்கு சக்கரத்துக்கும் 245/40 ஆர் 18 என்று எழுதியிருக்கிறீர்கள். அகலம் 245 மி.மீ., அதில் 40 சதவீதம் பக்கச்சுவர், அதாவது 98 மி.மீ. மொத்த விட்டம் 653 மி.மீ. இப்போதுள்ள 245/35 ஆர் 19-இன் விட்டம் 654. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே உயரம்தான். ஒரு அங்குலம் ரிம் பெரிதானதற்குப் பக்கச்சுவர் 12 மி.மீ. மெலிந்திருக்கிறது. அந்த 12 மி.மீ. ரப்பரும் காற்றும்தான் பள்ளத்தில் ரிம்மைக் காப்பாற்றுவது. அதை விட்டுக்கொடுத்து, டயருக்கு அதிக விலையும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அதைவிடப் பெரிய லாபம், நான்கும் ஒரே அளவு என்பது. முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று போட்டால் டயரை முன்பின் மாற்ற முடியாது, எஞ்சின் விசையைத் தாங்கும் பின்ஜோடி தனியாகச் சாகும். ஒரே அளவென்றால் 8,000 கி.மீ.க்கு ஒருமுறை சுழற்றலாம்: பின்டயர் நேராக முன்னுக்கு, முன்டயர் இடம் வலம் மாறிப் பின்னுக்கு. பக்கச்சுவரில் அம்புக்குறி போட்ட டயர் என்றால் அதே பக்கத்திலேயே முன்பின் மட்டும் மாற்ற வேண்டும். 18 அங்குலத்தில் நல்ல நடுத்தர டயருக்கு உங்கள் கடை சொன்ன விலை 70. நான்குக்கு 280. சுழற்றி ஓட்டி 30,000 கி.மீ. வாங்கினால் 25 மாதம். இரண்டு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), மூன்று சுழற்சிக்கு 20 சேர்த்தால் 300. மாதம் 12. இப்போதைய பழக்கத்தில் வட்டியோடு பின்ஜோடி மாதம் 16.5, முன்ஜோடி 8, ஆக 24.5. பாதிக்குப் பாதி மிச்சம்.

எந்த டயர் என்றால், மச்சான் சொல்லும் ட்ராக் டயரை முதலில் தள்ளுங்கள். அவற்றின் பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்ற தேய்மான எண் 200 அல்லது அதற்கும் கீழே இருக்கும். குறைந்த எண், சீக்கிரம் தேயும் ரப்பர். சூடேறினால்தான் பிடிக்கும், தேங்கிய மழைநீரில் தடுமாறும். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு 300 முதல் 400 வரை உள்ளதைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணைத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்கிறார். ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட உதவும், இரண்டு கம்பெனிகளை ஒப்பிட நம்ப முடியாது.

பெரிய கம்பெனிகள் புதுத் தலைமுறை டயர் இறக்கும்போது போன தலைமுறை விலை இறங்கும். நான் முதலில் அதைத்தான் தேடுவேன். ஐந்து வருடம் முன்பு எல்லாரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய டயர், இன்று மட்டும் மோசமாகிவிடாது. வாங்குமுன் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. இரண்டு வருடத்துக்குள் இருந்தால் பேரம் பேசி வாங்கலாம். நான்கு டயரிலும் பாருங்கள், மூன்று புதிதும் ஒன்று கிழடுமாகத் தலையில் கட்டுவதும் நடக்கும்.

பெயர் தெரியாத கம்பெனி என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. அளவுக்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் உங்கள் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளதற்குக் குறையக்கூடாது. 93 என்றால் ஒரு டயர் 650 கிலோ தாங்கும், 97 என்றால் 730. டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ. வரை, ஒய் என்றால் 300 வரை. 'நான் அவ்வளவு வேகம் போவதில்லையே' என்று குறைந்த எழுத்தில் இறங்க வேண்டாம். அந்த எழுத்து டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கும் அடையாளம், விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்றாகவும் ஆகலாம். மலிவு டயரின் குறை வெளிப்படுவது ஈரத்தில் பிரேக் பிடிக்கும்போதுதான். ஈரப்பிடிப்புத் தரம் எழுதிய லேபிள் இருந்தால் ஏ அல்லது பி மட்டும் வாங்குங்கள். லேபிளும் இல்லை, சோதனை முடிவும் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பழைய டயருக்கு மி.மீ. கணக்கு போடுங்கள். புது டயரில் ஏறக்குறைய 7.5 மி.மீ. பட்டன் இருக்கும். பல நாடுகளில் சட்டம் 1.6 வரை விடுகிறது, ஆனால் மழையில் 3-க்குக் கீழே வந்ததுமே பிடிப்பு விழத் தொடங்கும். நான் 2.5-இல் நிறுத்துகிறேன். ஆகவே உங்கள் கைக்கு வருவது 5 மி.மீ. 70-க்கு 5 மி.மீ. என்றால் ஒரு மி.மீ. 14. பாதி விலைக்கு, 35-க்கு, 4.5 மி.மீ. உள்ள பழைய டயர் வாங்கினால் கிடைப்பது 2 மி.மீ. ஒரு மி.மீ. 17.5. பாதி விலை என்று நினைத்தது உண்மையில் அதிக விலை. உள்ளே ஒட்டுப் போட்டிருக்கிறதா என்பது தனிக் கவலை.

டயர் பாதுகாப்புத் திட்டம் வேண்டாம். இத்தகைய திட்டங்களில் தேய்மானத்துக்கு ஏற்ப இழப்பீடு குறையும், உங்கள் பிரச்சினையான ஓரத் தேய்மானத்தைப் பெரும்பாலும் விலக்கியே எழுதியிருப்பார்கள். நைட்ரஜன் நிரப்பக் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது மாதம் இருமுறை அழுத்தம் பார்ப்பது அதைவிட மேல். 18 அங்குலத்துக்கு உரிய அளவு கதவுத் தூணில் இருக்கிறது. இப்போதைய டயருக்கு யாரோ சொன்ன அளவை அதற்கும் போட்டுவிடாதீர்கள்.

உள்ஓரம் மட்டும் மொட்டையாவது டயரின் குற்றமில்லை. வண்டியைத் தாழ்த்தியதும் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்கிறது, அதோடு டோ கோணமும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறிவிடுகிறது. சாய்வு மட்டும் என்றால் மெதுவாகத்தான் தின்னும். டோ தவறினால் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் இழுபட்டு, அரத்தில் தேய்த்தது போல ரப்பர் போகும். வெளிப்பக்கம் 4 மி.மீ. மிஞ்சியதில் 1.5 மி.மீ. இன்னும் ஓட்டக்கூடிய ரப்பர். உங்கள் பின்ஜோடியில் ஒரு மி.மீ. 40 என்பதால், 8 செலவில் செய்திருக்க வேண்டிய அலைன்மென்டுக்காக 60-ஐத் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். புது டயர் மாட்டிய அன்றே நான்கு சக்கர அலைன்மென்ட் செய்து, முன்-பின் அளவுகள் அச்சிட்ட தாளை வாங்குங்கள். 'சரி பண்ணிட்டோம் சார்' என்ற வாய்ச்சொல் போதாது. பின்சக்கர டோ கம்பெனி வரம்புக்குள் வரவில்லை என்றால், பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போடும் வரை புது டயரில் ஓட்டாதீர்கள்.

ஷெட்டில் கிடந்த ரிம்மை டயர் ஏற்றுமுன் பேலன்சிங் மெஷினில் வெறுமனே சுற்றவிட்டு, கோணல் இருக்கிறதா பாருங்கள். அழுத்த சென்சார் அதில் இருக்கிறதா, இல்லை 19-க்கு மாற்றிவிட்டீர்களா என்பதையும். முக்கியமாக, பழைய ரிம்மோடு வந்த நட்டுகள் எங்கே? சில வண்டிகளில் வெளி ரிம்முக்குக் கூம்பு வடிவ நட்டும் கம்பெனி ரிம்முக்கு உருண்டை வடிவ நட்டும் இருக்கும். மாற்றிப் போட்டால் இறுகியது போலத் தெரியும், ஓட்டத்தில் தளரும். டார்க் ரென்ச்சில் (குறித்த அளவு விசைக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபாருங்கள்.

பணம் எங்கிருந்து வரும்? முன்டயரோடு சேர்த்து அந்த 19 அங்குல ரிம்முக்கு 260 தருவதாக ஒருவர் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுத்துவிடுங்கள். டயர், முதல் அலைன்மென்ட் இரண்டுக்கும் 288 ஆகும். கையிலிருந்து 28 மட்டும். புதுக் கடன் இல்லை. பழைய தவணையை முன்கூட்டி அடைக்க அவசரப்படாதீர்கள். மீதி ஒன்பது மாதத்துக்கு 167 கட்ட வேண்டும், இன்றே அடைத்தால் மிச்சமாவது அதிகபட்சம் 14. முன்கூட்டி முடிக்கும் கட்டணம் அதையும் விழுங்கிவிடலாம்.

மச்சானிடம் நீங்களே முதலில் போய்ச் சொல்லுங்கள், வேறொருவர் வாயிலாகத் தெரிய வேண்டாம். "மச்சான், இந்த ரிம்மில் டயர் செலவு எனக்குக் கட்டுப்படியாகவில்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் அதே 260-க்கு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால் மரியாதையும் கெடாது, பேச்சும் முடிந்துவிடும். அவர் ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துப் போகிறார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். தடுக்கச் சொல்லவில்லை. ட்ரெட் டெப்த் கேஜ் (பட்டன் ஆழம் அளக்கும் கருவி) ஒன்று வாங்கி, சனிக்கிழமை மாலையும் திங்கள் காலையும் பின்டயரை உள்ஓரம், நடு, வெளிஓரம் என மூன்று இடத்தில் அளந்து குறித்துவையுங்கள். ஒழுங்கான ஓட்டத்தில் ஒரு மி.மீ. தேய ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆகும். ஒரு ஞாயிற்றில் அரை மி.மீ. போயிருந்தால் புது ஜோடியில் அதன் விலை 14. அந்தச் சீட்டை அவரிடமே காட்டுங்கள்.

ஒன்பது மாதம் கழித்துத் தவணை முடியும் அன்று, அதே 18.6-ஐ அதே தேதியில் தனிக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் எழுதிக்கொடுத்துவிடுங்கள். புது டயருக்கு அப்போது இன்னும் 16 மாதம் ஆயுள் இருக்கும். 16 மாதத்தில் 298 சேரும். அடுத்த நான்கு டயரும் அலைன்மென்டும் அதற்குள் அடங்கும். கடைக்காரர் தவணைத் தாளை எடுக்குமுன், ரொக்கத்துக்கு எவ்வளவு தள்ளுபடி என்று நீங்கள் கேட்கலாம்.