சுடாதவருக்கும் சாகும்வரை சிறையா? அமெரிக்கச் சட்டம் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் கொள்ளைக்குத் துணைபோனவர், துப்பாக்கியைத் தொடாவிட்டாலும் கொலைக் குற்றவாளி ஆகிவிடுவாராமே?

பதில்: ஆம், பெரும்பாலான மாநிலங்களில். ‘ஃபெலனி மர்டர்’ என்பது அந்த விதியின் பெயர். கொள்ளை, தீவைப்பு, ஆள்கடத்தல் போன்ற பெருங்குற்றத்தின்போது ஓர் உயிர் போனால், அதில் பங்கெடுத்த எல்லோர் தலையிலும் கொலைப்பழி விழும். கொல்லும் எண்ணம் இருந்ததென்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. கொள்ளையடிக்கும் எண்ணத்தை நிரூபித்தாலே போதும்.

பென்சில்வேனியாவின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் இதை இரண்டாம் நிலைக் கொலை என்று வகுத்து, ஆயுள் தண்டனையைக் கட்டாயமாக்கியது. ஆயுள் கைதிக்குப் பரோல் கிடையாது என்றது இன்னொரு சட்டம். அங்கே பரோல் என்பது நம் ஊர்போலச் சில நாள் விடுப்பு அல்ல. தண்டனைக்காலம் முடியுமுன் நிபந்தனைகளோடு விடுவிப்பது. இரண்டு சட்டங்களும் சேர்ந்து சாகும்வரை சிறை என்று ஆக்கின. மன்னிப்பு வாரியத்துக்கு மனுப் போடலாம். ஆனால் 1997இல் வந்த திருத்தத்தின்படி, ஐந்து உறுப்பினர்களும் ஒருமனதாகப் பரிந்துரைத்தால்தான் ஆயுள் கைதியின் மனு ஆளுநரை எட்டும்.

கேள்வி: அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதில் தலையிடவில்லையா?

பதில்: தூக்குமேடை வரை போன வழக்குகளில் தலையிட்டது. 1982இல் ஃபுளோரிடா வழக்கு ஒன்றில், கூட்டாளிகள் ஒரு முதிய தம்பதியைக் கொன்றபோது காரில் காத்திருந்தவருக்கு விதித்த மரண தண்டனை செல்லாது என்றது. 1987இல் அந்தப் பாதுகாப்பைச் சற்றுக் குறைத்தது: குற்றத்தில் பெரும்பங்கு வகித்து, உயிர் போவதைப் பற்றிப் பொருட்படுத்தாமலும் இருந்தால் மரண தண்டனை தரலாம் என்றது.

சிறைத் தண்டனை என்று வந்ததும் நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. 1991இல் மிச்சிகனில் 672 கிராம் கோக்கைன் வைத்திருந்தவருக்குக் கிடைத்த, பரோலற்ற கட்டாய ஆயுள் தண்டனையை 5–4 என்று உறுதிசெய்தது. குற்றவாளியின் தனிப்பட்ட சூழலைக் கட்டாயம் ஆராய வேண்டும் என்ற விதி மரண தண்டனைக்கு மட்டுமே என்றது. வயதுவந்தோருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தின் கதவு இன்றும் பெரும்பாலும் மூடியிருப்பதற்கு இந்தத் தீர்ப்பே காரணம். என் பார்வையில் அது தவறான தீர்ப்பு. சிறையிலேயே செத்துப்போ என்று சொல்வதற்கு முன்பும் அந்த மனிதர் செய்தது என்ன என்று நீதிபதி பார்த்தாக வேண்டும்.

கேள்வி: சிறுவர்களுக்கும் இதே கதிதானா?

பதில்: 2012 வரை அப்படித்தான் இருந்தது. அந்த ஆண்டு மில்லர் என்ற இன்னொரு சிறுவனின் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட ஆர்கன்சாஸ் வழக்கைப் பாருங்கள். 14 வயதுச் சிறுவன் இரண்டு பேரோடு ஒரு வீடியோ கடையைக் கொள்ளையடிக்கப் போகிறான். ஒருவனிடம் குழல் அறுத்த துப்பாக்கி இருப்பது போகும் வழியில்தான் அவனுக்குத் தெரிகிறது. பெரும்பாலான நேரம் வெளியிலேயே நிற்கிறான். கடைசியில் உள்ளே நுழையும்போது பணம் கேட்டு மிரட்டல் நடந்துகொண்டிருக்கிறது. கடை ஊழியர் மறுக்கிறார்; போலீஸைக் கூப்பிடுவதாகச் சொல்கிறார்; மற்றவன் சுட்டுவிடுகிறான்.

உள்ளே நுழைந்த சிறுவன் என்ன சொன்னான் என்பதில்தான் தகராறு. “நாங்கள் விளையாட வரவில்லை” என்று ஊழியரை மிரட்டினான் என்றது அரசுத் தரப்பு. “நீங்கள் விளையாட்டுக்குச் செய்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்” என்று கூட்டாளிகளிடம் சொன்னதாகச் சொன்னான் சிறுவன். முதல் வாக்கியம் கொலைக்கு உடந்தை. இரண்டாவது, திகைத்துப்போன ஒரு பிள்ளையின் பேச்சு. எதுவாக இருந்தாலும் தண்டனை ஒன்றே, பரோலற்ற ஆயுள் என்றது ஆர்கன்சாஸ் சட்டம். குற்றத்தின்போது 18 வயது நிரம்பாதவருக்கு அப்படிக் கட்டாயமாக விதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய வழக்குகளுக்கும் அது பொருந்தும் என்று 2016இல் சொன்னது.

கேள்வி: வயதுவந்தோருக்கு வேறு வழி?

பதில்: மாநில அரசமைப்புகள். கூட்டாட்சி அரசமைப்பு “கொடூரமானதும் வழக்கத்துக்கு மாறானதுமான” தண்டனையைத் தடுக்கிறது. பென்சில்வேனியா அரசமைப்போ “கொடூரமான” என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. 2024 அக்டோபரில் அம்மாநில உச்ச நீதிமன்றத்தில், கொல்லாதவருக்குக் கட்டாய ஆயுள் கூடாது என்று வாதிட்டவர்கள் இந்த வேறுபாட்டையும் எடுத்துவைத்தார்கள். 18 முதல் 20 வயது வரையானவர்களுக்குப் பரோலற்ற ஆயுள் கூடாது என்று மாசசூசெட்ஸ் 2024இல் தீர்ப்பளித்தது. மிச்சிகன் 2022இல் 18 வயதினருக்கும், 2025இல் 19, 20 வயதினருக்கும் கட்டாய விதிப்பை நீக்கியது. கொலராடோவில் இத்தகைய தண்டனையை எதிர்த்த வழக்கு 2024இல் தோற்றது. கலிஃபோர்னியாவில் சட்டமன்றமே 2018இல் விதியைச் சுருக்கி, பழைய கைதிகளும் மனுச் செய்ய வழிவிட்டது.

கேள்வி: உயிரைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு என்ன சொல்வீர்கள்?

பதில்: அவர்கள் இழப்புக்கு ஈடே கிடையாது. தண்டனை வேண்டாம் என்று யாரும் வழக்குப் போடவில்லை. சுட்டவனையும் வாசலில் நின்றவனையும் பிரித்துப் பார்க்க நீதிபதிக்கு அதிகாரம் கொடுங்கள் என்பதே கோரிக்கை.

கேள்வி: இந்தியாவில் இப்படி உண்டா?

பதில்: சாயல் உண்டு. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூட்டுக்கொள்ளையில் ஈடுபடும்போது ஒருவர் கொலை செய்தால் அனைவருமே தண்டனைக்கு உரியவர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 396, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 310(3). ஆனால் மரணம், ஆயுள், கடுங்காவல் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நீதிபதியிடம் இருக்கிறது. பழைய சட்டத்தில் கடுங்காவல் பத்தாண்டு வரை. புதிய சட்டத்தில் பத்தாண்டுக்குக் குறையக் கூடாது. ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாய மரண தண்டனை என்ற, பழைய சட்டத்தின் பிரிவு 303ஐ நம் உச்ச நீதிமன்றம் 1983இல் மித்து வழக்கில் ரத்து செய்தது.