கேமராவும் புரொஜெக்டரும் கைகோத்தால்: கேள்வி பதில்

கேள்வி: சார், கம்ப்யூட்டேஷனல் கேமரா என்பது எடுத்த படத்தை மென்பொருளில் மெருகேற்றுவதுதானே?

பதில்: இல்லை. பின்னால் கணினி கணக்கிட வசதியாக, இங்கே படம் எடுக்கும் விதமே மாறுகிறது. வழக்கம்போல ஷட்டரைத் திறந்தே வைத்தால், ஓடும் பொருள் கலங்கி, சில நுணுக்கங்கள் மீட்க முடியாதபடி அழிந்துவிடும். 2006-இல் ஆய்வாளர் ரமேஷ் ரஸ்கர் குழுவினர் ஒரே படத்துக்குள் ஷட்டரை ஒரு குறியீட்டின்படி திறந்து மூடினார்கள். கலங்கல் அப்போதும் உண்டு; ஆனால் கணக்குப் போட்டு நீக்கக்கூடிய கலங்கல்.

கேள்வி: இதில் புரொஜெக்டருக்கு என்ன வேலை?

பதில்: வடிவியலில் அது தலைகீழான கேமராதான். கேமரா பிக்சல் ஒரு திசையிலிருந்து வரும் ஒளியை அளக்கிறது. புரொஜெக்டர் பிக்சல் ஒரு திசையில் ஒளியை அனுப்புகிறது. இரண்டின் இடமும் கோணமும் தெரிந்திருந்து, பொருளின் ஒரு புள்ளியில் விழுவது புரொஜெக்டரின் எத்தனையாவது நெடுவரிசையின் ஒளி என்பதும் தெரிந்தால், முக்கோணக் கணக்கில் ஆழம் வந்துவிடும். 1024 நெடுவரிசைகளுக்கு வெள்ளை, கறுப்பு வரிகள் கொண்ட 10 படங்களைப் பாய்ச்சினால் போதும்; ஒவ்வொரு படமும் நெடுவரிசை எண்ணின் ஒரு பிட்டை (0 அல்லது 1) சொல்லும், 2-ஐ 10 முறை பெருக்கினால் 1024. எண்ணைக் குறிக்க சாதாரண பைனரியைவிட (0, 1 எண்முறை) கிரே கோடு என்ற குறியீட்டு முறை நல்லது. அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையே ஒரு பிட்தான் மாறும் என்பதால், ஓரத்தில் தப்பாகப் படித்தாலும் ஒரு வரிசைதான் பிசகும்.

கேள்வி: மெழுகு பொம்மையை இந்த முறையில் ஸ்கேன் செய்தேன். வடிவம் கோணலாக வருகிறது. கேமராவை மாற்றவா?

பதில்: கேமரா மேல் பழி போடாதீர்கள். மெழுகுக்குள் புகுந்த ஒளி சிதறி வேறு இடத்தில் வெளியே வருகிறது. நெடுவரிசைக் கணக்கு அங்கேதான் கெடுகிறது. நேரடியாகத் திரும்பும் ஒளியையும் சிதறிய ஒளியையும் பிரிக்க 2006-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ நாயர் குழு காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. பாதி வெள்ளை, பாதி கறுப்பாக நுண்ணிய சதுரங்கக் கட்டங்களைப் பாய்ச்சுங்கள். வெள்ளைக் கட்டத்தில் நேரடி ஒளியும், சிதறிய ஒளியில் பாதியும் இருக்கும். கறுப்பில் அந்தப் பாதி மட்டும். கழித்தால் நேரடி ஒளி, கறுப்பை இரட்டித்தால் சிதறல். கோட்பாட்டில் இரண்டு படம் போதும். நடைமுறையில் புரொஜெக்டரின் கறுப்பு முழுக் கறுப்பு இல்லை, கட்ட ஓரமும் கூர்மையாக இராது. அதனால் கட்டங்களை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுப்பார்கள். உங்கள் ஸ்கேனில் அகல வரிகளை விட்டு, நெருக்கமான வரிகளைக் கொண்ட முறைக்கு மாறுங்கள். கண்ணாடிபோல் பளபளக்கும் பொருளுக்கு இது உதவாது.

கேள்வி: கேமராவுக்குத் தெரியாத பக்கத்தைக்கூடப் படம் எடுக்கலாமாமே, கதையா?

பதில்: நிஜம். ஒளிப்பாதையைத் திருப்பினாலும் அதே விகிதத்தில்தான் ஒளி போகும். அதனால் புரொஜெக்டர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியும் படத்தைக் கணக்கிட்டு எடுக்கலாம். 2005-இல் ஸ்டான்ஃபோர்டில், கேமராவுக்கு முதுகு காட்டி நின்ற விளையாட்டுச் சீட்டை, எதிரே இருந்த புத்தகத்தில் பட்டுத் தெறித்த ஒளியை வைத்தே படித்தார்கள். சீட்டின் முகம் புரொஜெக்டருக்குத் தெரியும் என்பதுதான் சூட்சுமம்.

கேள்வி: வெயிலில் வேலை செய்யுமா?

பதில்: சிரமம்தான். சூரிய ஒளியில் வரிகள் அமுங்கிவிடும்.

கேள்வி: வீட்டிலேயே தொடங்க என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ ஃபோகஸ் இரண்டையும் அணைத்துவிடுங்கள். அப்புறம், டிஎல்பி (நுண்ணிய கண்ணாடிகளால் படம் காட்டும் வகை) புரொஜெக்டர் நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவது. அது 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 படம்) என்றால் கேமராவின் எக்ஸ்போஷர் நேரத்தை 1/60 அல்லது 1/30 நொடி வையுங்கள், இல்லையென்றால் படத்தில் வண்ணப் பட்டைகள் வரும்.