மெடிக்கல் வரிசையா, மற்ற வரிசையா? எடிசனுக்கு வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். எச்-1பி வேலை விசாவில் நியூ ஜெர்சியின் எடிசன் ஊருக்கு வந்து நாலு மாதம். ஆபீஸ் நண்பர்கள் காரை ஒரு கஞ்சா டிஸ்பென்சரியில் நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே மெடிக்கலுக்கு (நோயாளிகளுக்கு) ஒரு வரிசை, ரிக்ரியேஷனலுக்கு (நோய் இல்லாமல் பொழுதுபோக்காக வாங்கும் பெரியவர்களுக்கு) ஒரு வரிசை. பொருள் ஒன்றுதானே, வரிசை ஏன் இரண்டு என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இன்னொன்று: உங்களுக்கு ரொம்ப நாளாக முதுகுவலி, டாக்டரிடம் சொல்லி மெடிக்கல் கார்டு வாங்கிவிட்டால் விசாவுக்குப் பாதுகாப்புதானே என்று.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டிஸ்பென்சரி என்ற சொல்லே நம்மைக் குழப்பும். ஊரில் டிஸ்பென்சரி என்றால் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி, பாட்டிலை நீட்டினால் சிவப்பு மிக்சர் ஊற்றித் தருவார்கள். என் அம்மா இங்கே வந்திருந்தபோது சாலையோரம் பச்சை நிற போர்டைப் பார்த்துவிட்டு, "இங்கேயே பி.பி. பார்த்துட்டுப் போயிடலாமேடா" என்றார். அது என்ன கடை என்று விளக்குவதற்குள் வீடு வந்துவிட்டது.

நியூ ஜெர்சியில் மருத்துவக் கஞ்சாவுக்கான சட்டம் 2010 ஜனவரியில் கையெழுத்தானது. முதல் கடை மான்ட்கிளேரில் திறந்தது 2012 டிசம்பரில். பல வருடங்கள் நோயாளிகளுக்கு மட்டும்தான் விற்பனை. 2020 நவம்பர் தேர்தலில் மக்கள் வாக்களித்துப் பெரியவர்களுக்கான விற்பனைக்கும் வழி விட்டார்கள். 2022 ஏப்ரல் 21 அன்று அது தொடங்கியபோது அனுமதி பெற்றிருந்தவை 13 கடைகள். பதின்மூன்றுமே ஏற்கெனவே நோயாளிகளுக்கு விற்றுக்கொண்டிருந்த கடைகள். புதுக் கூட்டம் வந்து பழைய நோயாளிகளை நெருக்கித் தள்ளிவிடக் கூடாது, அவர்களுக்குச் சரக்கும் இடமும் குறையக் கூடாது என்று மாநிலம் நிபந்தனை போட்டது. நீங்கள் பார்த்த தனி வரிசை அப்படி வந்ததுதான். சில கடைகளில் நோயாளிகளுக்கென்று தனி பார்க்கிங், தனி நேரம்கூட உண்டு. புதிதாக வந்த கடைகளில் பல, பெரியவர்களுக்கு மட்டும் விற்பவை. அங்கே ஒரே வரிசைதான்.

ரிக்ரியேஷனல் பக்கம் விஷயம் எளிது. 21 வயது முடிந்திருக்க வேண்டும், அடையாள அட்டை வேண்டும், அவ்வளவுதான். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் விற்பார்கள். ஒரு தடவைக்கு ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் சொச்சம். விலையோடு 6.625 சதவீத விற்பனை வரி சேரும், ஊராட்சி தன் பங்குக்கு 2 சதவீதம் வரை போடலாம்.

மெடிக்கல் பக்கம் அப்படி இல்லை. நியூ ஜெர்சியில் வசிக்க வேண்டும். மாநிலத் திட்டத்தில் பதிவு செய்த டாக்டர் ஒருவர், பட்டியலில் உள்ள நோய் உங்களுக்கு இருக்கிறது என்று உறுதி செய்ய வேண்டும். புற்றுநோய், கிளாக்கோமா, மைக்ரேன், பதற்றம், நாள்பட்ட வலி எல்லாம் பட்டியலில் உண்டு. அதனால் உங்கள் முதுகுவலிக்குக் கார்டு கிடைக்கவே செய்யலாம். கார்டு இருந்தால் 18 வயதிலேயே வாங்கலாம், குழந்தைகளுக்குப் பதிவு பெற்ற பராமரிப்பாளர் வழியாக. 30 நாளைக்கு 3 அவுன்ஸ் வரை. 2022 ஜூலையிலிருந்து விற்பனை வரியும் கிடையாது. மாதாமாதம் வாங்குகிறவர்களுக்கு அந்த வரி மிச்சம் பெரிய விஷயம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். டாக்டர் சீட்டு எழுதித் தருவதில்லை, "இவருக்கு இது உதவலாம்" என்று அனுமதி மட்டும்தான் தருகிறார். மத்திய சட்டப்படி கஞ்சாவுக்கு மருந்துச் சீட்டு எழுத முடியாது. அதனால்தான் தெருமுனை மருந்துக் கடையில் அது இல்லை, இன்சூரன்சும் பணம் தராது. வழக்கமான கிரெடிட் கார்டை நீட்டினால் வேண்டாம் என்பார்கள், கடைக்குள்ளேயே ஏ.டி.எம். வைத்திருப்பார்கள். பேங்குகளுக்கும் அதே மத்திய சட்டப் பயம்.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, தனியாக இருப்பவர். கீமோ ஆரம்பித்ததும் சாப்பாடு எதுவும் உள்ளே நிற்கவில்லை, தூக்கமும் போய்விட்டது. கார்டு எடுத்தார். கார் ஓட்டத் தெம்பில்லாததால் மாதம் ஒரு தடவை நான் கூட்டிப் போவேன். 2008-ல் வந்த எனக்கு 2024-ல்தான் குடியுரிமை கிடைத்தது. முதல் ஒரு வருடம் அவர் உள்ளே போவார், நான் காரிலேயே உட்கார்ந்து இளையராஜா கேட்டுக்கொண்டிருப்பேன். "மழையில் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய், உள்ளே நாற்காலி இருக்கிறதே" என்று ஒரு நாள் கடிந்துகொண்டார். என் விண்ணப்பம் நிலுவையில் இருப்பதைச் சொன்னதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது, என் மேல் இல்லை, சட்டத்தின் மேல்.

பிறகு உள்ளே போனபோது வித்தியாசம் கண்ணிலேயே தெரிந்தது. பொது வரிசையில் இருப்பவர்கள் போனிலேயே ஆர்டர் போட்டுவிட்டு வந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள், பார்சல் வாங்குவது மாதிரி. நோயாளிகள் பக்கம் இருந்த பெண் இந்த அம்மாவிடம் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், போன மாதம் எப்படி இருந்தது என்று உட்கார வைத்துக் கேட்டார். நாக்குக்கு அடியில் விடும் சொட்டு ஒன்றைக் குறைந்த அளவில் எடுத்துக்கொண்டு, இரவு இரண்டு இட்லி (என் மனைவி கொடுத்து அனுப்புவது) சாப்பிட முடிந்ததே என்று அந்த அம்மா சந்தோஷப்பட்டார். எல்லாக் கடையிலும் இந்த அக்கறை இருக்கும் என்று சொல்ல மாட்டேன். கவுன்டரில் நிற்பவர் பார்மசிஸ்ட் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

சரி, விசாவுக்கு வருவோம். நான் வக்கீல் இல்லை. ஆனால் இத்தனை வருடம் படிவம் நிரப்பிய அனுபவத்தில் சொல்கிறேன், மேலே சொன்ன வித்தியாசங்கள் அத்தனையும் மாநிலத் தலைநகர் டிரென்டன் போட்ட கோடுகள். உங்கள் விசா இருப்பது வாஷிங்டன் கையில். 1970-ல் வந்த மத்திய சட்டம் கஞ்சாவைக் கட்டுப்படுத்தப்பட்ட பொருளாக வைத்தது. அந்தச் சட்டத்தின் எண்ணிட்ட பட்டியல்களில் வேறொன்றுக்கு அதை மாற்றும் பேச்சு பல தடவை வந்திருக்கிறது. பட்டியல் எண் மாறினாலும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள் என்ற பெயர் போகாது, குடியேற்றச் சட்டம் பார்ப்பது அந்தப் பெயரைத்தான். அதற்கு மெடிக்கல், ரிக்ரியேஷனல் என்ற பிரிவே தெரியாது.

குடிமகன் அல்லாத ஒருவர் அதை வைத்திருந்தேன் என்று அதிகாரி முன் முறைப்படி ஒப்புக்கொண்டாலே போதும், கோர்ட்டு, தண்டனை எதுவும் இல்லாமலேயே உள்ளே விட மறுக்கலாம். கிரீன் கார்டு படிவத்தில் எந்த நாட்டின், எந்த மாநிலத்தின் போதைப்பொருள் சட்டத்தையாவது எப்போதாவது மீறியதுண்டா என்று கேட்பார்கள். அதற்கான மருத்துவப் பரிசோதனையிலும் கேட்பார்கள். ஆமாம் என்றால் ஒரு சிக்கல், இல்லை என்று பொய் சொல்லி மாட்டினால் அதைவிடப் பெரிய சிக்கல். 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை எழுத்திலேயே சொல்லிவிட்டது: மாநிலம் அனுமதித்தாலும் கஞ்சா சம்பந்தப்பட்ட செயல் குடியுரிமைக்கான நன்னடத்தைக்குத் தடையாகலாம். அதே மாதம் கொலராடோ மாநிலத்தின் டென்வர் மேயர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். அங்கே அனுமதி பெற்ற கஞ்சாத் தொழிலில் வேலை பார்த்ததற்காகவே குடியுரிமை மறுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆக, ஒரு நாள் உங்கள் கன்சல்டிங் கம்பெனி டிஸ்பென்சரிக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் பிராஜெக்டில் போட்டால், சேருவதற்கு முன் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது மெடிக்கல் கார்டை யோசித்துப் பாருங்கள். அந்தப் பதிவேடு ரகசியம்தான். ஆனால் அட்டை உங்கள் பர்ஸிலோ போனிலோ இருக்கும். நெவார்க் விமான நிலையத்தில் இறங்கும்போது எல்லை அதிகாரி போனைத் திறந்து பார்க்கலாம், அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டு. பாதுகாப்பு என்று நினைத்து வாங்கிய அட்டை, "நான் இதைத் தொடர்ந்து வாங்குகிறவன்" என்று நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சியாகிவிடும். நண்பர்களோடு கடைக்கு முன்னால் நின்று எடுத்த செல்ஃபியும் அந்த வகைதான், அழித்துவிடுங்கள்.

நண்பர்கள் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவிலிருந்து வருகிறவர்களா? அங்கே இதை எழுதும்வரை மெடிக்கல் மட்டும்தான், அதனால் டெலவேர் ஆற்றுப் பாலத்தைக் கடந்து இங்கே வாங்க வருகிறார்கள். இரண்டு கரையிலும் கஞ்சா இருந்தாலும் பாலத்தைக் கடத்தினால் மத்திய குற்றம். காரில் நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். ஊருக்கு எடுத்துப்போவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சென்னையில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் காத்திருக்கிறது, நியூ ஜெர்சி ரசீதைக் காட்டினால் சிரிப்பார்கள்.

அப்புறம் 'கம்மி' (gummy) என்கிற கஞ்சா மிட்டாய். யார் வீட்டு விருந்திலாவது ஜெல்லி மிட்டாய் மாதிரி ஒன்றை நீட்டினால் என்னவென்று கேட்டுவிட்டு வாயில் போடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒன்று சாப்பிட்டார், அரை மணி நேரம் ஒன்றும் இல்லையே என்று இன்னும் இரண்டு சாப்பிட்டார். வயிற்றில் இறங்கி வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகும். ராத்திரி முழுக்க சோபாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வீடு சுற்றுகிறது என்றார். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டே இல்லை.

முதுகுவலிக்கு முதலில் பிசிகல் தெரபிக்குப் போங்கள். உங்கள் இன்சூரன்ஸ் எத்தனை தடவைக்குக் கொடுக்கும் என்று கார்டின் பின்னால் உள்ள எண்ணில் கேட்டால் சொல்வார்கள். ஆபீஸில் அந்த நாற்காலியையும் மாற்றச் சொல்லுங்கள், கேட்டால் மாற்றித் தருவார்கள். நாம்தான் கேட்கக் கூச்சப்பட்டு வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்போம். அடுத்த தடவை நண்பர்கள் அங்கே நிறுத்தினால், பக்கத்தில் காபிக் கடை இருக்கும், அங்கே இறங்கிக்கொள்ளுங்கள்.