உப்புவெளித் தம்பிக்கு, ஸ்காபுறோவிலிருந்து

திருகோணமலை உப்புவெளியிலிருந்து கனடா வந்து நான்கு மாதம், ஸ்காபுறோவில் ஒரு பேஸ்மென்ற் அறை, இரவு வேலை என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. "எதைத் தொட்டாலும் பிழைத்துவிடும் என்றே மனம் சொல்கிறது. நான் ராசியில்லாதவனா, திரும்பிப் போய்விடலாமா?" என்பது முதல் கேள்வி. பிறகு ஜாக்கெட், போன், பழைய கார் என்று இன்னும் மூன்று. காரைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் வாங்கிய முதல் கார் மூன்றாம் கிழமையே 401 நெடுஞ்சாலையில் படுத்துவிட்டது. போனை உங்கள் அறைக்காரப் பெடியளிடம் கேளுங்கள். முதல் கேள்விதான் எனக்குத் தெரிந்த கேள்வி. 1996 தை மாதம் நானும் அதோடுதான் வந்து இறங்கினேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்தநாள் விழாக்களில் உங்களை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் 'பொசிட்டிவாக யோசி' என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். விடிந்தால் தாமரைப்பூப் படத்தோடு பொன்மொழி அனுப்புகிறவர்களும் அவர்கள்தான். கடைசியில் பையைத் திறந்து ஒரு இன்சூரன்ஸ் படிவத்தை எடுப்பார்கள். இன்னொரு கூட்டம், "நாங்கள் கோப்பை கழுவி வந்தனாங்கள், உனக்கென்ன குறை?" என்று கேட்கும். (இதை நானும் என் மருமகனிடம் ஒருமுறை கேட்டேன். இரண்டு வருடம் அவன் என்னோடு கதைக்கவில்லை.) இரண்டு பகுதியும் கேட்க மறப்பது ஒன்றுதான்: இந்த நினைப்பு உனக்கு எங்கிருந்து வந்தது?

நான் முதலில் வேலை செய்தது ஒரு பிளாஸ்டிக் ஃபக்டரியில். ஒரு வெள்ளிக்கிழமை சுப்பவைசர் என்னைக் கடந்து போகும்போது, "வேலை முடிய என்னை வந்து பார்" என்றார். அவ்வளவுதான். வேலை முடிய நான்கு மணித்தியாலம் இருந்தது. அதற்குள் என் வேலை போய், வாடகை கட்டாமல் தெருவில் நின்று, ஊரில் அம்மா சங்கிலியை அடகு வைத்து, எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. பிரேக்கில் போய் லொக்கரைத் திறந்து ஸ்வெற்றர், சாப்பாட்டுப் பெட்டி, கோணேசர் படம் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். அந்தப் பையோடுதான் அவர் அறை வாசலில் நின்றேன். திங்கட்கிழமை புதிதாக ஒருவன் வருகிறான், மெஷினை அவனுக்குப் பழக்கிவிட முடியுமா என்று கேட்டார். பிறகு பையைப் பார்த்து, எங்கேயாவது பயணமா என்றார்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. 'வந்து பார்' என்ற சொல்லுக்கு இவ்வளவு பயத்தை எங்கே படித்தேன்? உவர்மலையிலிருந்து ரியூசனுக்குச் சைக்கிளில் போன காலத்தில் படித்தேன். யுத்த காலத்துச் செக்பொயின்றில் ஒருவன் கையைக் காட்டி 'வா' என்றால், கெட்டதை நினைப்பவன்தான் புத்திசாலி. அவன்தான் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருப்பான், இருட்டுமுன் வீடு திரும்புவான். ராசியில்லாததால் வந்த பழக்கமல்ல அது, என்னை உயிரோடு வைத்திருந்த பழக்கம். விசா இல்லாமல் என்னோடு விமானம் ஏறியிருக்கிறது. இது தெரிந்த பிறகு அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அப்புறம் கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். என்ன நடந்தது, மனம் என்ன சொன்னது, கடைசியில் என்ன ஆனது, அப்போது எத்தனை மணி. இரண்டு மாதத்தில் 31 தாள் சேர்ந்தது. மனம் சொன்னபடி நடந்தவை 4. அதைவிட மணிதான் எனக்குப் புதினம்: பெரும்பாலும் ஞாயிறு பின்னேரம், இல்லாவிட்டால் நித்திரை கெட்ட நாள். திருகோணமலையில் வருடம் முழுக்கச் சூரியன் ஆறு மணியை ஒட்டித்தான் மறையும். இங்கே மார்கழியில் ஐந்துக்கு முன்னமே சூரியன் மறைந்து இருட்டத் தொடங்கிவிடும். அந்த இருட்டில் நான் ஒரு முடிவும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். திரும்பிப் போவதையும் நன்றாகத் தூங்கிய ஒரு நாள், மத்தியானத்தில் யோசியுங்கள். போனால் குற்றமும் இல்லை.

இது என் கண்டுபிடிப்பு என்று பல காலம் பெருமைப்பட்டேன். ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களிலேயே நோயாளிகளின் இப்படியான தன்னியல்பு எண்ணங்களைக் கவனித்து, அவை உண்மையா என்று அவர்களையே சோதிக்க வைத்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. சரி, போகட்டும்.

ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் சாப்பாடும் நித்திரையும் இல்லாமல் போனால் தாளில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், டொக்டரிடம் போங்கள். உயிரை விடும் நினைப்பு வந்தால் எந்த நேரமும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு எடுக்கலாம். எங்கள் சனம் 'விசர்' என்று பெயர் வைக்கும். வைக்கட்டும்.

திருக்கடலூரில் மாமா ஒருவர் தோணி வைத்திருந்தார். விடிய எழும்பிக் கரையில் நின்று மூக்கால் காற்றைப் பார்ப்பார். மாரியில் வாடை தொடங்கினால் தோணியை மேலே இழுத்துவிட்டு வலை பொத்துவார். பக்கத்துத் தோணிக்காரர் கடலை வைது தள்ளுவார். மாமாவிடம் கோபமில்லையா என்று கேட்டேன். "காற்று என்னைப் பார்த்து அடிக்கிறதில்லையடா" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து கச்சான் கடலை எடுத்துத் தந்தார். மணல் கலந்த கச்சான்.

ஜாக்கெட் கேட்டீர்கள். மகன் கழித்துவிட்ட ஒன்று கிடக்கிறது, ஸிப் கொஞ்சம் இறுகும். ஞாயிறு வந்து எடுங்கள், நாலு மணிக்கு முன்னம்.