“விரல்கூடப் படவில்லையே” என்கிறார் கணவர்

கேள்வி: மேடம், எனக்கு 38 வயது, அவருக்கு 43. இரண்டு பிள்ளைகள். ராத்திரி நாங்கள் தூங்கியதும் ஆபீஸ் வேலை என்று மாடிக்குப் போய்விடுவார். போன மாதம் பேங்க்கிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் பார்த்த பிறகுதான் எல்லாம் தெரிந்தது. ஏதோ வீடியோ ஆப்பில் காயின் வாங்கப் பணம் கட்டியிருக்கிறார், ஒரு பெண்ணோடு எட்டு மாதமாகச் சாட். கேட்டால், “நேரில் பார்த்ததுகூட இல்லை, விரல்கூடப் படவில்லை, இதுக்குப் பேர் துரோகமா?” என்கிறார். அப்புறம் அழுகிறார், ஆப்பை அழிக்கிறார், பத்து நாளில் பழையபடி. மாமியார் ஜாதகம் பார்க்கச் சொல்கிறார். கவுன்சலிங் போனால் என்ன செய்வார்கள்? பேசிப் பேசியே இதைச் சரிபண்ண முடியுமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: முதலில் அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், துரோகம்தான். எட்டு மாதம் ஒளித்து, பொய் சொல்லி, வீட்டுப் பணத்தை எடுத்துக் கொட்டியிருக்கிறார். விரல் பட்டதா என்பது இதில் சின்ன விஷயம்.

ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பிரச்சினைகள். அவரால் நிறுத்த முடியவில்லை என்பது ஒன்று, உங்களுக்கு விழுந்த அடி இன்னொன்று. நல்ல தெரபிஸ்ட் இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டமாட்டார். “அவருக்கு வியாதிம்மா, பாவம், பொறுத்துக்கோங்க” என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பாலியல் உந்துதலை இப்படி அடக்க முடியாமல் போவது வியாதியா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை. 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேடு இதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியல் (2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது) ‘கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு’ என்ற பெயரில் சேர்த்திருக்கிறது. ஆனால் போதைப் பழக்கங்களோடு வைக்காமல், உந்துதலை அடக்க முடியாத கோளாறுகள் என்ற பிரிவில் வைத்திருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ நிறுத்தப் பார்த்தும் முடியாமல், வேலையும் குடும்பமும் கெட்ட பிறகும் தொடர்ந்தால்தான் அந்தப் பெயரே.

முதல் சில அமர்வுகள் பெரும்பாலும் அவருக்குத் தனியாக. என்ன பார்த்தார் என்பதைவிட எப்போது பார்த்தார் என்றுதான் துருவுவார்கள். ஒரு நோட்டுப் போட்டு எழுதச் சொல்வார்கள்: மணி என்ன, எங்கே உட்கார்ந்திருந்தார், அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது. “செவ்வாய், 11.40, மாடி. மேனேஜர் போனில் கத்தினார், தூக்கம் வரலை” என்கிற மாதிரி இரண்டு வாரம் எழுதினாலே, ஆசையைவிட அவமானமும் தனிமையும் அலுப்பும்தான் போனைக் கையில் எடுக்க வைக்கின்றன என்பது பல பேருக்கு அவர்கள் கையெழுத்திலேயே தெரிந்துவிடும். டயல்-அப் மோடம் கத்திக்கொண்டிருந்த 1990-களிலேயே கிம்பர்லி யங் என்ற அமெரிக்க உளவியலாளர் இணையம் ஏன் இப்படி இழுக்கிறது என்று சொல்லிவிட்டார்: முகம் தெரியாது, கைக்கு எட்டுகிறது, கவலையிலிருந்து தப்பிக்க ஒரு வழி கிடைக்கிறது. இன்றைக்கு அது சட்டைப் பையிலேயே இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் நடைமுறைக்கு வருவார்கள். சார்ஜர் ஹாலில் இருக்க வேண்டும், கார்டும் யு.பி.ஐ.யும் அந்த ஆப்களிலிருந்து நீங்க வேண்டும், அந்தப் பெண்ணோடு தொடர்பு முழுசாக அறுபட வேண்டும். உந்துதல் வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல், அது ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பழக்குவார்கள். கேட்க லேசாக இருக்கும், செய்வது கஷ்டம், ஆனால் பலன் தருகிறது. நடுவில் சறுக்குவார் என்பதையும் முன்கூட்டியே பேசிவைப்பார்கள், ஏனென்றால் ஒரு நாள் சறுக்கியதும் “இனி என்ன, எல்லாம் போச்சு” என்று முழுசாக விழுந்துவிடுகிற ஆட்கள் நிறைய. மனச்சோர்வு, குடி, பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) ஏதாவது பின்னால் இருக்கிறதா என்றும் சோதிப்பார்கள். பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள்கூட இப்படி ஆக்கிவிடும். இதற்கென்றே தனி மருந்து கிடையாது. சிலருக்கு மனநல மருத்துவர் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரையோ, குடியை விடக் கொடுக்கும் நால்ட்ரெக்சோனோ எழுதுவார். மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் ‘வாலிப வயோதிக’ வைத்தியர் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

இனி உங்கள் பங்கு. தூக்கமில்லாமை, திடீர் திடீரென்று நெஞ்சு அடைப்பது, அவர் போன் சத்தம் கேட்டாலே வயிறு கலங்குவது, இதெல்லாம் விபத்தில் சிக்கியவருக்கு வருகிற அதிர்ச்சியைப் போன்றதுதான், உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அதற்குத் தனி சிகிச்சை உண்டு. பிறகுதான் இருவரையும் சேர்த்து உட்கார வைப்பார்கள். அதில் முக்கியமானது உண்மையைச் சொல்லும் அமர்வு. கணவன்மார்கள் உண்மையைத் தவணை முறையில்தான் சொல்வார்கள், இன்றைக்குக் கொஞ்சம், மாட்டிக்கொண்டால் இன்னும் கொஞ்சம். முதல் துரோகத்தைவிட மனைவியை அதிகம் உடைப்பது இதுதான். அதனால் எத்தனை பேர், எவ்வளவு காலம், எவ்வளவு பணம் என்று எல்லாவற்றையும் தெரபிஸ்ட் முன்னால் தயார்செய்து ஒரே தடவையில் சொல்லவைப்பார்கள். படுக்கை விவரங்களைக் கேட்டு வாங்காதீர்கள், அந்தப் படங்கள் மண்டையைவிட்டுப் போகாது. பாஸ்வேர்டு கொடுப்பது கொஞ்ச காலத்துக்குச் சரி, ஆயுசுக்கும் நீங்கள் வீட்டுப் போலீசாக இருக்க முடியாது. “நீ கவனிச்சிருந்தா அவன் ஏன் போறான்” என்று எந்த உறவினர் சொன்னாலும் காதில் வாங்கவே வாங்காதீர்கள்.

பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிமான்ஸில் 2014-லிருந்து ‘ஷட் கிளினிக்’ என்று இணையப் பழக்கத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, கட்டணம் இல்லை. அவர் வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் போங்கள். ஜாதகம்? மாமியார் மனசுக்காகப் பார்த்துக்கொள்ளட்டும், அப்பாயின்ட்மென்ட்டை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: வயது 22, ஹாஸ்டல். வாரத்தில் இரண்டு நாள் அந்த மாதிரி வீடியோ பார்க்கிறேன். படிப்பு நன்றாகத்தான் போகிறது, ஆனால் குற்ற உணர்ச்சி கொல்கிறது. நான் அடிமையாகிவிட்டேனா?
– கோவை

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இல்லை. ‘இது பாவம்’ என்ற எண்ணத்தால் மட்டும் வருகிற வேதனையை வைத்து இந்தக் கோளாறு என்று முடிவுகட்டக் கூடாது என்று ஐசிடி-11-லேயே எழுதியிருக்கிறது. குற்ற உணர்ச்சி தாங்கவில்லையென்றால் அதைப் பற்றி ஒரு கவுன்சலரிடம் பேசுங்கள். யாராவது வீடியோ காலை ரெக்கார்டு பண்ணிப் பணம் கேட்டு மிரட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

கேள்வி: கணவரின் சாட்டை வைத்து அவர்மேல் கள்ளத்தொடர்பு கேஸ் போட முடியுமா?
– மதுரை

பதில்: கிரிமினல் கேஸ் முடியாது. கள்ளத்தொடர்பைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே ரத்து செய்துவிட்டது, அது இருந்த காலத்திலும் மனைவி புகார் கொடுக்க வழியில்லை. விவாகரத்துக்கு வந்தால், இந்து திருமணச் சட்டத்தில் அந்தக் காரணத்துக்கு உடலுறவு நடந்திருக்க வேண்டும், வெறும் சாட் போதாது. மனரீதியான கொடுமை என்று வாதாட இடமுண்டு, அதைக் குடும்பநல வக்கீலிடம் கேளுங்கள்.