கணவாய் ஏற்றப் போன ஊர்

வாசகர் கேள்வி – பதில்

இரண்டு இதழுக்கு முன்னால், "ஆட்டு மந்தைக்கு நடுவே பென்குவின் நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். கதை விடுகிறேன் என்று சந்தேகப்பட்டவர்களும், நம்பி வழி கேட்டவர்களும் சரிபாதியாகக் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த வாரம் முழுக்க ஃபாக்லாந்து தீவுகள்தான்.

பென்குவின் என்றால் பனிக்கட்டிதானே? புல்லில் எப்படி? அது சரி, நீங்கள் அங்கே எதற்குப் போனீர்கள்?
– ஒரு வாசகர், காரைக்குடி

நான் முதலில் போனது பென்குவினுக்காக அல்ல, கணவாய் மீனுக்காக. தொண்ணூறுகளில் ஒரு குளிர்பதனச் சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருந்தேன். தென் அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 480 கிலோமீட்டர் கிழக்கே, தென் அட்லாண்டிக்கில் இருக்கிறது இந்தத் தீவுக் கூட்டம். பெரிய தீவுகள் இரண்டு, சின்னது 700க்கு மேல். அந்தக் கடலில் கணவாய் பிடிக்கும் கப்பல்கள் இராத்திரியில் வரிசை வரிசையாக விளக்குப் போட்டால் கலியாண வீடு தோற்றுப்போகும். விண்வெளியிலிருந்து எடுத்த படத்திலேயே அந்த வெளிச்சம் தெரியும். பிடித்து உறைய வைத்த கணவாயைப் பெர்க்லி சவுண்ட் என்ற விரிகுடாவில் எங்கள் கப்பலுக்கு மாற்றுவார்கள். ஒன்பது நாள் நங்கூரம், ஒரே ஒரு நாள் கரை. அந்த ஒரு நாளில் பார்த்ததுதான் அந்த ஆட்டு மந்தைக் காட்சி.

பென்குவினுக்கு வேண்டியது பனிக்கட்டி இல்லை. குளிர்ந்த, இரை நிறைந்த கடல் போதும். வடக்கே லண்டன் எவ்வளவு தூரமோ, பூமத்திய ரேகைக்குத் தெற்கே இது கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். ஜனவரிப் பகலில் 15 டிகிரி இருக்கும், நம் கொடைக்கானல் மாதிரி. ஜென்டூ பென்குவின் கரையேறிப் பல நூறு மீட்டர் உள்ளே நடந்து, மேய்ச்சல் புல்லில்தான் கூடு கட்டும். ஐந்து வகைப் பென்குவின் அங்கே குஞ்சு பொரிக்கின்றன.

எப்படிப் போவது? எந்த மாதம்? செலவு?
– ஒரு வாசகி, சேலம்

செலவுக்கு முதலில் பதில்: நிலத்தை விற்றுப் போகாதீர்கள். வேலையில் இருந்த வரைக்கும் கம்பெனி காசு. ஓய்வு பெற்ற பிறகு 2023 ஜனவரியில் மனைவியோடு சொந்தக் காசில் போனபோதுதான் எனக்கே உறைத்தது.

சிலி நாட்டுச் சாந்தியாகோவிலிருந்து, பூந்தா அரேனாஸ் வழியாக, வாரம் ஒருமுறை சனிக்கிழமை விமானம் உண்டு. சனிக்கிழமை இறங்கினால் அடுத்த சனிக்கிழமைதான் கிளம்பலாம். இதைக் குறையாக நினைக்காதீர்கள். அந்த ஊருக்கு ஒரு வாரம் கட்டாயம் வேண்டும். விசாவும், மருத்துவக் காரணத்துக்கு விமானத்தில் வெளியே கொண்டுபோகிற செலவையும் ஏற்கும் காப்பீடும் தயாராக இருக்கட்டும். செருப்பு, ஷூ அடியில் ஒட்டிய மண்ணை, விதையை வீட்டிலேயே சுரண்டிவிட்டுப் போங்கள். அதில் கறாராக இருப்பார்கள்.

அக்டோபர் முதல் மார்ச் வரை சீசன். யானைச் சீல் குட்டிகள் வேண்டுமென்றால் சீசன் தொடக்கத்தில், அல்பட்ராஸ் என்ற பெரிய கடல்பறவையின் குஞ்சு வேண்டுமென்றால் ஜனவரி.

தீவுக்குத் தீவு போக அரசின் குட்டி விமானம் இருக்கிறது. மினி பஸ்ஸுக்கு இறக்கை வைத்த மாதிரி. நம் பெட்டியை மட்டுமல்ல, நம்மையும் நிறுத்து எடை பார்ப்பார்கள். யார் யார் எங்கே போக வேண்டும் என்று பார்த்து, முதல் நாள் சாயங்காலம்தான் நேரம் முடிவாகும். இறங்குகிற இடம் ஆட்டுப் புல்வெளி. அங்கே தீயணைப்பு வண்டியை இழுத்துக்கொண்டு நிற்பவர்தான் தீவின் பண்ணைக்காரர், அவர்தான் நாம் தங்கும் வீட்டுக்காரர், அவர்தான் டிரைவர்.

காற்று பலமாக இருக்குமாமே? ஸ்வெட்டர் போதுமா?
– ஒரு வாசகர், மதுரை

ஆண்டுச் சராசரியே மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டி. நம் ஊரில் ஆடிக்காற்று ஒரு மாதம். அங்கே பன்னிரண்டு மாதமும் ஆடி. ஊருக்கென்று சொந்த மரம் ஒன்றுகூடக் கிடையாது. இருப்பதெல்லாம் வீட்டோரம் நட்டு வளர்த்தவை. ஸ்வெட்டர் பிரயோஜனமில்லை, ஓட்டை வழியே காற்று உள்ளே வந்து குசலம் விசாரிக்கும். காற்றுப் புகாத மேலுடை வேண்டும். வெயிலும் தோலை உரிக்கும் என்பதால் சன் க்ரீமும் வேண்டும்.

வாடகை வண்டி கொடுத்தவர், "காற்று வரும் திசையை நோக்கி நிறுத்துங்கள், கதவைப் பிடித்துக்கொண்டே திறங்கள்" என்று சொல்லித்தான் சாவியைத் தந்தார். முப்பத்தைந்து வருடம் கடலில் இருந்தவனுக்குக் காற்றைப் பற்றிப் பாடமா என்று நினைத்தேன். தலைநகர் ஸ்டான்லியில் கடலோரம் வண்டியைத் திருப்பி நிறுத்திக் கதவைத் திறந்தேன். 'டங்' என்று ஒரு சத்தம். கீல் வளைந்து, கதவு முன் சக்கரத்துப் பக்கம் முத்தம் கொடுத்துக்கொண்டு நின்றது. தண்டம் கட்டினேன். வண்டிக்காரர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் வலித்தது.

பென்குவின் மிதித்தால் கண்ணிவெடி வெடிக்குமா, தாத்தா?
– ஆறாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

நல்ல கேள்வி கண்ணு. 1982இல் அர்ஜென்டினாவும் பிரிட்டனும் இந்தத் தீவுகளுக்காக 74 நாள் சண்டை போட்டன. 900க்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். எதிரி கடற்கரையில் இறங்கிவிடக் கூடாதென்று அர்ஜென்டினப் படை ஸ்டான்லிக்குப் பக்கத்தில் யார்க் பே என்ற வெள்ளை மணல் கடற்கரை முழுக்கக் கண்ணிவெடி புதைத்தது. பிரிட்டிஷ் படையோ தீவின் மறுகோடியில் சான் கார்லோஸில் இறங்கிவிட்டது! புதைத்தது புதைத்தபடி கிடந்தது. பென்குவின் நாலு கிலோ, ஆறு கிலோதான். அந்த எடைக்கு வெடிக்கவில்லை. வேலிக்குள் மனிதரும் வரவில்லை, ஆடும் வரவில்லை, அதனால் அதுகளுக்கு நிம்மதி. நான் முதல் தடவை போனபோது முள்வேலியில் மண்டை ஓடு வரைந்த சிவப்புப் பலகைக்குப் பின்னால் பென்குவின்கள் நின்றுகொண்டிருந்தன. ஜிம்பாப்வேயிலிருந்து வந்த ஆட்கள் மண்ணில் மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாகத் தோண்டி எடுத்து, 2020 நவம்பரில் வேலையை முடித்தார்கள். இப்போது அங்கே வெறுங்காலில் நடக்கலாம். நானும் நடந்தேன், முதல் பத்து அடி மட்டும் கால் கூசியது.

தீவுகள் யாருக்குச் சொந்தம்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ஆள்வது பிரிட்டன். அர்ஜென்டினா 'மால்வினாஸ்' என்று பெயர் சொல்லி உரிமை கோருகிறது. 2013 வாக்கெடுப்பில் பிரிட்டனோடு இருக்க வேண்டாம் என்று சொன்னது மூன்றே பேர். டீக்கடையில் இதைப் பேசாதீர்கள். அங்கேயும் சரி, புவனஸ் அயர்ஸிலும் சரி.

ஒரே ஒரு தீவுக்குத்தான் நேரம் என்றால்?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

ராஜா பென்குவின் மட்டும் போதுமென்றால் ஸ்டான்லியிலிருந்தே ஜீப்பில் வாலன்டியர் பாயின்ட் போய்வரலாம்; பாதிப் பாதை சேறு. ஆனால் என் ஓட்டு மேற்கே இருக்கும் சாண்டர்ஸ் தீவுக்கு.

அங்கே 'கழுத்து' என்று பெயருள்ள ஒரு மணல் இடுக்கு, இரண்டு பக்கமும் கடல். விலங்குகளிடமிருந்து ஆறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அந்த விதி நமக்குத்தான், பென்குவினுக்கு இல்லை. சும்மா உட்கார்ந்தேன். கால் மணியில் ஒரு ஜென்டூ வந்து என் ஷூ கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனது.

சற்றுத் தள்ளிப் பாறைச் சரிவில் ராக்ஹாப்பர் வகைப் பென்குவின்கள். மஞ்சள் புருவமும் சிவப்புக் கண்ணுமாக, எப்போதும் யார்மேலோ கோபம். இரண்டு காலையும் சேர்த்துத் தவ்வித் தவ்வி ஏறும். அந்தப் பாறையைக் கையால் தடவிப் பார்த்தேன். நகம் பட்டுப் பட்டு வரி வரியாகக் குழி. கிணற்றுக் கல்லில் கயிறு தேய்த்த தடம் மாதிரியே இருந்தது. மேலேயிருந்து நன்னீர் ஒழுகுகிற இடத்தில் வரிசையில் நின்று குளிக்கவும் செய்கின்றன. வரிசை என்றா சொன்னேன்? நம் குழாயடி வரிசைதான்.

அதற்கும் மேலே அல்பட்ராஸ்கள். உலகில் இருக்கும் கரும்புருவ அல்பட்ராஸில் பெரும்பங்கு இந்தத் தீவுகளில்தான் குஞ்சு பொரிக்கிறது. கவிழ்த்த அடுக்குப் பானை போல மண்ணில் ஒரு மேடை, அதன்மேல் சாம்பல் பஞ்சாக ஒரே குஞ்சு. இறக்கை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். பறப்பது அரசன் மாதிரி, இறங்குவது குடிகாரன் மாதிரி, மூக்குக் குத்தி உருளும். ஒரு நாள் மத்தியானம் அதிசயமாகக் காற்று நின்றது. அப்பாடா என்று நாங்கள் குல்லாவைக் கழற்றினோம். அவையோ கிளம்ப முடியாமல் சரிவில் உட்கார்ந்து, கடலையே பார்த்துக்கொண்டிருந்தன. காற்று திரும்பி வந்ததும் இறக்கையை விரித்தது ஒன்று; ஒரு தட்டுக்கூடத் தட்டாமல் அப்படியே மேலே போனது.

கழற்றிய குல்லா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஜானி ரூக் என்று உள்ளூரில் அழைக்கும் காரகாரா பருந்து, என் மனைவியின் மங்கி கேப்பைத் தூக்கிப் போய்விட்டது. 1830களில் டார்வின் வந்த கப்பல்காரர்களிடமே தொப்பியும் திசைகாட்டியும் திருடிய பரம்பரை அது.

சைவம் கிடைக்குமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

ஆட்டுக்கறிக்கு அங்கே பழைய பட்டப்பெயர் '365'. வருடம் முழுக்க அதுதான் என்பதால். முன்கூட்டிச் சொன்னால் உருளைக்கிழங்கு, சீஸ், சூப் என்று பார்த்துச் செய்வார்கள். பதினோரு மணிக்கு 'ஸ்மோக்கோ' என்று டீயும் கேக்கும் உண்டு, முட்டை கலந்தது. காய்கறி கப்பலில் வந்தாக வேண்டும், அல்லது கண்ணாடிக் கூடாரத்தில் விளைய வேண்டும்.

நாங்கள் பருப்புப்பொடி கொண்டுபோயிருந்தோம். இறங்கியதும் சோதனையில் எடுத்துக் காட்டினோம், மோந்து பார்த்துத் தும்மிவிட்டு அனுப்பிவிட்டார்கள். சாண்டர்ஸில் கிளம்புகிற அன்று டப்பாவில் பாதி மிச்சம். வீட்டுக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை விட்டுவிட்டுப் போகிறீர்களா?" என்றார். எங்கள் சைவப் பருப்புப்பொடி இந்நேரம் 365மேல் தூவப்பட்டுத் தீர்ந்திருக்கும்.